பொதுப் பயிற்சி என்னும் சப்பைக்கட்டு

அனுபவம் உள்ள விமானி எந்தப் பணியையும் செய்வான். டார்பிடோவுக்கு ஒரு பயிற்சி, குண்டுவீச்சுக்கு ஒரு பயிற்சி, வேவுக்கு ஒரு பயிற்சி என்று பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது குமாஸ்தா வேலை, தளபதியின் வேலை அல்ல. சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையின் மொத்தச் சரக்கும் இவ்வளவுதான். மற்ற பக்கங்கள் இதையே குரலை உயர்த்தி உயர்த்திச் சொல்கின்றன. குரல் உயர்ந்த அளவுக்குச் சான்று சேரவில்லை. போர் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவதே அரிது, எழுத வந்த ஒருவரை இப்படி எதிர்கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அரிதாக எழுதப்படுவதாலேயே தவறாக எழுதப்பட்டதை அப்படியே விட்டுவிட முடியாது. புதிதாக ஆட வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, ஓராண்டு உழைத்துக் கட்டிய விமானப்படையை ஒரே வாரத்தில் கடலில் கொட்டுவார்கள்.

ஆடிப் பழகாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ 2009-இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் வெளியிட்ட கணினி விளையாட்டு. 1941 டிசம்பரில் தொடங்கி, ஒரு நகர்வுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பசிபிக் போர் முழுவதையும் இருவர் எதிரெதிரே ஆடலாம். முழு ஆட்டம் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். இதில் ஒவ்வொரு விமானிக்கும் பெயர் உண்டு. பெயருக்கு எதிரே அனுபவம் என்று ஓர் எண். அதற்கடுத்த கட்டங்களில் வான்சண்டை, தற்காப்பு, உயரத்திலிருந்து கப்பலைத் தாக்குவது, தாழப் பறந்து கப்பலைத் தாக்குவது, டார்பிடோ, தரைக்குண்டு, கடல்வேவு, நீர்மூழ்கி வேட்டை என்று தனித்தனி எண்கள். ஒரு ஸ்குவாட்ரனைப் பயிற்சியில் போட்டு எந்தப் பணிக்கு என்று குறித்துவிட்டால் அந்தப் பணிக்குரிய எண் மெல்ல ஏறும். எழுபதை நெருங்கும்வரை ஓரளவு வேகமாக ஏறும், அதன்பின் ஆமை நடைதான். அனுபவ எண்ணோ பயிற்சியால் ஓர் அளவுக்கு மேல் நகராது. மீதியைச் சண்டைதான் தரும்.

இந்த அமைப்பைக் கட்டுரையாளர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்? அனுபவம் மரம், மற்ற எண்களெல்லாம் கிளைகள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் கிளை தானே தழைக்கும் என்கிறார். அப்படியானால் விளையாட்டை வடிவமைத்தவர்கள் எதற்காகத் தனித்தனிக் கட்டங்களைப் போட்டார்கள்? அழகுக்காகவா? அவரே தம் கட்டுரையில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். தோற்றுப்போன அவருடைய டார்பிடோ ஸ்குவாட்ரனில் விமானிகளின் அனுபவம் அறுபதுக்கு மேல். டார்பிடோ கட்டத்தில் முப்பதுகள். அந்தப் பிரிவை எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல்மீது ஏவினார், ஒன்றும் படவில்லை, அதற்கு அவர் சொல்லும் காரணம் பகடையின் துரதிர்ஷ்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் பூசணிக்காயை மறைக்கக்கூட இல்லை, தட்டின் நடுவில் வைத்துவிட்டு, சோறு ஏன் தெரியவில்லை என்று நம்மைக் கேட்கிறார். கொத்தனாரும் தச்சரும் வீடு கட்டுகிறவர்கள்தாம். இருபது வருடம் சுவர் எழுப்பியவர் என்பதற்காக அவர் கையில் உளியைக் கொடுத்து நிலைக்கதவை இழைக்கச் சொல்கிறவரை யாராவது வீட்டு வேலைக்கு மேஸ்திரியாக வைப்பார்களா?

விளையாட்டின் விதிகளை விட்டுவிட்டு அவர் வரலாற்றுக்குள் ஓடி ஒளிகிறார். ஜப்பானியக் கடற்படையின் பழைய விமானிகள் எல்லாம் தெரிந்த வீரர்கள், எதையும் செய்யக்கூடியவர்கள், அவர்களை யாரும் பணிவாரியாகப் பிரித்து வைக்கவில்லை என்பது அவருடைய வாதம். இதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்வது பேர்ள் ஹார்பர். இதைவிடத் தவறான சான்றை ஒருவர் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

1941 டிசம்பர் 7 அன்று முதல் அலையில் வந்த நகாஜிமா பி5என் விமானங்கள் மொத்தம் 89. அமெரிக்கர்கள் ‘கேட்’ என்று பெயரிட்டு அழைத்த அதே விமானம், அதே மூவர் குழு, அதே எஞ்சின். ஆனால் 40 விமானங்கள் டார்பிடோ சுமந்து வந்தன. 49 விமானங்கள் 800 கிலோ எடையுள்ள கவசம் துளைக்கும் குண்டைச் சுமந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் வந்தன. இந்த இரண்டு கூட்டத்தாரும் மாதக்கணக்கில் வெவ்வேறு வேலையைப் பழகினார்கள். பேர்ள் ஹார்பரின் ஆழம் சுமார் 12 மீட்டர்தான். வழக்கம்போலப் போட்டால் டார்பிடோ அதைவிட ஆழமாகப் போய்ச் சேற்றில் குத்திக்கொள்ளும். அதற்காக மரத்தாலான துடுப்புகளை டார்பிடோவில் பொருத்தினார்கள். அது பாதி வேலை. மீதிப் பாதியை விமானி செய்ய வேண்டும்: ககோஷிமாவின் மலைச்சரிவில் இறங்கி, நகரத்து வீடுகளின் கூரைக்கு மேலே தாழ்வாகப் பறந்து, கரையைத் தாண்டியதும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 20 மீட்டரோ அதற்கும் கீழோ இறங்கி, மூக்கு ஏறாமலும் இறங்காமலும் பிடித்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி, அந்த நொடியில் விடுவிக்க வேண்டும். டார்பிடோ கூட்டத்தின் தலைவர் ஷிகெஹாரு முராட்டா இதை மறுபடி மறுபடி செய்ய வைத்தார். ககோஷிமா மக்கள் தலைக்கு மேலே விமானங்கள் உரசிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தார்கள். இதற்குப் பெயர் பொதுப் பயிற்சியா?

உயரத்திலிருந்து குண்டு வீசிய கூட்டத்தின் கதையோ கட்டுரையாளரின் வாதத்தை இன்னும் மோசமாகச் சாய்த்துவிடுகிறது. மேலேயிருந்து போடும் குண்டு ஒரு போர்க்கப்பலின்மேல் விழுவது அரிது என்று கடற்படைக்கே அந்த முறையில் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. அது சரியானது அனுபவத்தைக் கூட்டியதால் அல்ல. குறிபார்ப்பவரையும் ஓட்டுகிறவரையும் இணைபிரியாத ஜோடியாக்கி, அந்த ஜோடிகளில் சிறந்தவர்களைக் கூட்டத்தின் முன்னே வைத்து, பின்னால் வருகிறவர்கள் அவர்கள் போட்டவுடன் போட வேண்டும் என்று பழக்கியதால்தான். அந்த 49 விமானங்களை நடத்தி வந்தவர் மிட்சுவோ ஃபுச்சிடா. அவருடைய கூட்டம் வீசிய குண்டு ஒன்றுதான் அரிசோனா போர்க்கப்பலின் முன்புற வெடிமருந்து அறையை எட்டியது. விளையாட்டில் விமானியின் பெயர் ஒன்று மட்டும் தெரிகிறது; குறிபார்ப்பவரும் வானொலிக்காரரும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறார்கள். கட்டத்தில் இருக்கும் எண் அந்த மூவரும் சேர்ந்து ஒரு வேலையை எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண். இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் கேட் விமானி என்றால் எல்லாம் செய்வான் என்று எழுதுகிறவர், கேட் விமானத்தின் படத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர அதற்குள் மூன்று இருக்கை இருப்பதை யோசித்ததில்லை.

அடுத்து மிட்வே சண்டை. இங்கேதான் கட்டுரையாளர் கண்ணீர் வரவழைக்கப் பார்க்கிறார். பயிற்சியில்லாத இளைஞர்கள் தம் துணிச்சலால் மட்டுமே போரின் போக்கை மாற்றினார்கள், அமெரிக்காவின் ஹார்னெட் கப்பலின் எட்டாவது டார்பிடோ ஸ்குவாட்ரன் தன்னையே பலிகொடுத்து ஜப்பானியச் சண்டை விமானங்களைக் கீழே இழுத்தது, அதனால்தான் மேலேயிருந்து பாய்ந்து குண்டு வீசிய விமானங்களால் ஜெயிக்க முடிந்தது என்கிறார். பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களிலும் படங்களிலும் ஓடிய கதை இது. கடிகாரத்தைப் பார்த்தாலே பிசுபிசுத்துப் போகும். 1942 ஜூன் 4 அன்று அந்த ஸ்குவாட்ரனின் 15 விமானங்கள் தாக்கியது காலை 9.20 அளவில். அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் தீப்பிடித்தது 10.20-ஐ ஒட்டி. ஒரு மணிநேர இடைவெளி. ஒரு மணிநேரத்தில் ஜப்பானின் ஜீரோ சண்டை விமானம் மேலே ஏறாதா? ஏறி, இறங்கி, எரிபொருள் நிரப்பி மறுபடி ஏறும்.

அந்த 15 விமானங்களில் ஒன்றும் திரும்பவில்லை. 30 பேரில் உயிர் பிழைத்தவர் ஜார்ஜ் கே ஒருவர். அன்றைக்கு முன் டார்பிடோவைச் சுமந்துகொண்டு பறந்ததே இல்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். மூன்று அமெரிக்கக் கப்பல்களிலிருந்து அன்று காலை கிளம்பிய டார்பிடோ விமானங்கள் 41. ஜப்பானியக் கப்பல்களில் பட்ட டார்பிடோ ஒன்றுகூட இல்லை. மிட்வே தீவிலிருந்து கிளம்பிய கடற்படைக் காலாட்படையின் டான்ட்லஸ் குண்டுவீச்சு விமானங்களை நடத்தியவர் மேஜர் லாஃப்டன் ஹெண்டர்சன். அவருடைய ஆட்களில் பலருக்கு அந்த விமானமே புதிது. செங்குத்தாகப் பாய்ந்து வீசப் பழகவில்லை. அதனால் சாய்வாக இறங்கி வீசும் எளிய முறையை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு குண்டும் படவில்லை, 16 விமானங்களில் பாதி திரும்பவில்லை, ஹெண்டர்சனும் திரும்பவில்லை. குவாடல்கனாலில் ஓடுதளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்த விளையாட்டை உருவாக்கிய குழு தனக்கு ஹெண்டர்சன் ஃபீல்டு டிசைன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. கட்டுரையாளர் கேவலப்படுத்தும் அந்தப் பயிற்சிக் கட்டங்களை எழுதியவர்கள், பயிற்சியில்லாத ஆட்களோடு போய்ச் செத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய குழுவினர்.

அபிமன்யுவின் வீரத்தில் யாருக்கும் ஐயமில்லை. சக்கர வியூகத்துக்குள் நுழைய மட்டும் தெரிந்தவனை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வரக் கற்றுத்தராத பெரியவர்கள் அவன் வீரத்தைப் புகழ்ந்து அழுதது எந்தக் கணக்கில் சேரும்? கட்டுரையாளரின் மிட்வே பகுதி முழுவதும் அந்தப் பெரியவர்களின் அழுகை.

அவர் வேட் மக்ளஸ்கியையும் அழைக்கிறார். அனுபவம் என்றால் மக்ளஸ்கி, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தபோதும் தேடலைத் தொடர்ந்து எதிரியைக் கண்டுபிடித்தவர் என்கிறார். உண்மை, அந்த முடிவுக்காக அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் கட்டுரையாளர் கதையைச் சரியாக எந்த இடத்தில் நிறுத்துகிறார் பாருங்கள். மக்ளஸ்கி சண்டை விமானப் பிரிவிலிருந்து அண்மையில்தான் என்டர்பிரைஸ் கப்பலின் விமானப் பிரிவுத் தலைவராக வந்தவர். பாய்ந்து வீசுவோரின் வழக்கப்படி முன்னால் போகிறவர் தொலைவில் உள்ள கப்பலை எடுக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு அருகில் உள்ளது. மக்ளஸ்கி அருகிலிருந்த காகாவின்மேல் பாய்ந்தார். அதையே குறிவைத்திருந்த பின்பிரிவும் கூடவே பாய்ந்தது. இரண்டு ஸ்குவாட்ரன்கள் ஒரே கப்பலில் விழ, அகாகி தப்பிவிடும் நிலை. அந்தக் குளறுபடியைப் பார்த்துப் பாய்ச்சலை நிறுத்தி, இரண்டே துணை விமானங்களோடு அகாகியை நோக்கித் திரும்பியவர் ரிச்சர்ட் பெஸ்ட். அவர் அந்த வேலையிலேயே ஊறியவர். அகாகியில் நேராகப் பட்டது ஒரே குண்டு; அது போதுமானதாக இருந்தது. எத்தனையோ ஆண்டு பறந்த அனுபவசாலிக்கு அந்தக் குறிப்பிட்ட பணியின் வழக்கம் கைவராத ஒரு நிமிடத்தில் போரின் மிகப் பெரிய வாய்ப்பு நழுவப் பார்த்தது. அந்தப் பணியையே பழகியவர் அதைப் பிடித்தார். இதைச் சொல்லாமல் விட்டது மறதியா, சொன்னால் வாதம் சரிந்துவிடும் என்ற தெளிவா?

கடல்வேவும் நீர்மூழ்கி வேட்டையும் ‘சலிப்பூட்டும் பணிகள்’, அவற்றுக்கு மிஞ்சிய விமானிகளை அனுப்பினால் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதுகிறார். இந்த வரிக்குப் பதில் நம் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய கனடியக் கட்டலினா விமானம் ஒன்று, லெனர்ட் பர்ச்சால் ஓட்டியது, ஜப்பானியத் தளபதி நாகுமோவின் கப்பற்படையைத் தெற்கே கண்டு செய்தி அனுப்பியது, சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மேல் விமானங்கள் வருவதற்கு முன்பே துறைமுகத்திலிருந்த பல கப்பல்களால் வெளியேற முடிந்தது அந்தச் செய்தியால்தான். ஒரே ஒரு வேவுக்குழு சரியான இடத்தில் சரியாகப் பார்த்ததன் விளைவு அது. வேவு எண் இருபதில் கிடக்கும் விமானியை அங்கே அனுப்பியிருந்தால் அவன் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான். நீர்மூழ்கிகளைப் பொறுத்தவரை, ஜப்பானியக் கடற்படையும் கட்டுரையாளரைப் போலவே அது சலிப்பூட்டும் வேலை என்றுதான் நினைத்தது. சரக்குக் கப்பல்களின் காவலுக்கென்று தனி விமானப் பிரிவை 1943 டிசம்பரில்தான் அமைத்தது. அதற்குள் எண்ணெய்க் கப்பல்கள் எங்கே போயின என்பது தெரிந்ததே.

அதே ஏப்ரலில், அதே கடலில் இன்னொன்றும் நடந்தது. அனுபவம், திறன் என்ற இந்த விவாதத்தை முடித்துவைக்க இது ஒன்றே போதும். 5-ஆம் தேதி பிற்பகலில் தகாஷிகெ எகுசா நடத்திய 53 ஜப்பானிய விமானங்கள் டார்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூஸர்களின்மேல் பாய்ந்தன. சுமார் இருபது நிமிடத்தில் இரண்டும் மூழ்கின. 9-ஆம் தேதி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ் மூழ்கிய அதே நாளில், கொழும்பிலிருந்து வந்த 9 பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் யாராலும் தடுக்கப்படாமல் நாகுமோவின் கப்பல்களை எட்டி, அகாகியின் மேலேயே குண்டுகளைக் கொட்டின. சுற்றிலும் தண்ணீர்தான் எழும்பியது, ஒன்றும் படவில்லை. அந்த 11-ஆம் ஸ்குவாட்ரன் புதுமுகங்களின் கூட்டமா? கிரேக்கத்திலும் மத்தியக் கிழக்கிலும் சண்டை பார்த்துவிட்டு வந்த பிரிவு அது. அனுபவக் கட்டத்தில் அவர்களுக்குக் குறையில்லை. அவர்கள் பழகியது தரையில் நகராத இலக்கை. அன்று கீழே இருந்தது முப்பது நாட் வேகத்தில் வளைந்தோடக்கூடிய கப்பல். எகுசாவின் ஆட்கள் பழகியதும் கப்பலை, அடித்ததும் கப்பலை. நான்கு நாள் இடைவெளியில் ஒரே கடல் இரண்டு விடைகளையும் எழுதிக் காட்டிவிட்டது. கட்டுரையாளர் தம் ஆட்டத்தில் இதே பிளென்ஹைம்களைக் கப்பல்மீது அனுப்பி அலுத்துக்கொள்கிறார். அவர் அலுத்துக்கொள்ளும் முடிவு வரலாற்றின் துல்லியமான பிரதி.

இனி அவருடைய ஐந்தாவது பக்கம். களமே பள்ளிக்கூடம், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தேர்ந்த விமானிகளைப் பின்னுக்கு இழுத்து ஆசிரியர்களாக்குவது கோழைத்தனம் என்கிறார். விளையாட்டில் அனுபவம் எண்பதைத் தாண்டியவர்களைப் பயிற்சித் தலைமையகத்துக்கு அனுப்பலாம். அனுப்பினால் புதியவர்கள் தேறும் வேகம் கூடும். இவர் ஒருவரைக்கூட அனுப்பியதில்லை என்று மார்தட்டுகிறார்.

இந்தக் கொள்கையை உலகத்தில் ஒரு கடற்படை உண்மையிலேயே கடைப்பிடித்துப் பார்த்தது. ககோஷிமாவில் டார்பிடோ கற்றுக்கொடுத்த முராட்டா என்ன ஆனார்? 1942 அக்டோபர் 26 அன்று சாந்தா குரூஸ் சண்டையில் ஹார்னெட் கப்பலைத் தாக்கும்போது இறந்தார். அந்த ஒரு நாளில் ஜப்பான் இழந்த விமானக் குழுவினர் 148 பேர்; ஸ்குவாட்ரன் தலைவர்களும் பிரிவுத் தலைவர்களும் அவர்களில் கணிசம். ஹார்னெட் மூழ்கியது, காகிதத்தில் அது வெற்றி. பன்னிரண்டு மீட்டர் தண்ணீரில் டார்பிடோ ஓட வைக்கத் தெரிந்த மனிதரை, அதை இன்னும் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடியவரை, ஒரு கப்பலுக்கு விலையாகக் கொடுத்தார்கள். எகுசாவும் 1944 ஜூனில் மரியானாத் தீவுகளின் பக்கம் போய்த் திரும்பவில்லை. எதிர்த்தரப்பில் ஜான் தாச் மிட்வேயில், இரண்டு சண்டை விமானங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து ஒன்றையொன்று காக்கும் தம் நெசவு முறையைச் சண்டையில் சோதித்துப் பார்த்தார். பார்த்ததும் அவரை ஃபுளோரிடாவுக்கு அனுப்பி அதையே பாடமாக நடத்தச் சொன்னார்கள். தாச் கோழையா?

விளைவு 1944 ஜூன் 19 அன்று தெரிந்தது. பிலிப்பைன் கடலில் ஜப்பானியத் தளபதி ஒசாவா கிளப்பிய இளைஞர்களில் பலருக்கு அமெரிக்க விமானிகள் பயிற்சியில் பறந்த நேரத்தின் பாதி அளவுகூட இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் அவர்களுடைய கப்பல்கள் ‘தாவி தாவி’ தீவின் அருகே நங்கூரமிட்டுக் கிடந்தன. வெளியே அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்ததால் கடலுக்குப் போய்ப் பயிற்சி செய்ய முடியவில்லை, பக்கத்தில் உருப்படியான ஓடுதளமும் இல்லை. அரைகுறையாகக் கற்றதையும் அந்தப் பையன்கள் மறந்துகொண்டிருந்தார்கள். அன்று ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் போயின. வான்சண்டையில் அமெரிக்கா இழந்தது சுமார் முப்பது. களமே பள்ளிக்கூடம் என்பவர் அந்தப் பள்ளியில் எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்லட்டும்.

நெகிழ்வு பற்றிய அவருடைய வாதத்துக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. ஒரே பணிக்குப் பழக்கினால் நிலைமை மாறும்போது தவறான ஆட்களோடு நிற்போம் என்கிறார். நிலைமை மாறினால் மறுபடி பழக்க வேண்டும், அவ்வளவுதான். 1943 ஜனவரியில் நியூகினியின் லாயே நோக்கிப் போன ஜப்பானியக் கப்பல் வரிசையை உயரத்திலிருந்து அடித்த நேசநாட்டு விமானங்களால் தடுக்க முடியவில்லை. பெரும்பாலான துருப்புகள் இறங்கிவிட்டார்கள். அந்த விமானங்களின் தளபதி கென்னி என்ன செய்தார்? எல்லாரும் பொதுவாகத் தேறட்டும் என்று காத்திருந்தாரா? போர்ட் மோர்ஸ்பிக்கு வெளியே பவளப்பாறையில் முட்டிக் கிடந்த ப்ரூத் என்ற பழைய கப்பலின் சிதிலத்தைக் காட்டி, பாய்மர உயரத்தில் வந்து தண்ணீரில் தத்தி ஓடும்படி குண்டைப் போடச் சொன்னார். அந்தப் பயிற்சியிலும் ஆட்கள் இறந்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் பிஸ்மார்க் கடலில் வந்த 8 துருப்புக் கப்பல்களும் மூழ்கின, காவலுக்கு வந்த 8 நாசகாரிகளில் 4 மூழ்கின. விளையாட்டில் ‘தாழப் பறந்து கப்பலைத் தாக்குவது’ என்று தனிக் கட்டம் இருப்பது இதனால்தான். உயரத்திலிருந்து வீசத் தெரிந்தவனுக்கு இது தானாக வரும் என்று நினைப்பவர் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் நடந்ததை விழுங்கிவிட்டார்.

கடைசியாக, இதெல்லாம் விளையாட்டின் ஓட்டையைப் பயன்படுத்துவது, நேர்மையான ஆட்டமல்ல என்ற குற்றச்சாட்டு. பயிற்சியில் போட்ட ஸ்குவாட்ரன் அந்த மாதங்களில் முன்னணியில் இல்லை. அதன் விமானங்கள் விபத்தில் போகின்றன, விமானிகள் களைத்துப்போகிறார்கள், பக்கத்துத் தீவை எதிரி பிடிக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரப்போகும் ஒரு நாளுக்காக இன்றைக்குத் தோல்வியைத் தாங்கிக்கொள்வது எந்தவிதத்தில் ஓட்டை? அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர் அதைக் கொடுத்தவனைத் திருடன் என்கிறார்.

அவருடைய கட்டுரை ஏன் எழுதப்பட்டது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், ஆட்டத்தின் தொடக்கத்தில் தம் ‘பெட்டி’ என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களால் இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடித்ததைப் பெருமையோடு விவரிக்கிறார். அந்தக் குழுக்களை நான்கு மாதம் டார்பிடோ பயிற்சியில் வைத்திருந்ததாகவும் அவரே சொல்கிறார். ஏழாம் பக்கத்தில் அதே பயிற்சி குமாஸ்தா வேலையாகிவிடுகிறது. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நடந்தது என்ன? ஆட்டத்தில் 1943 வந்துவிட்டது. தேறியவர்களைக் களத்தில் செலவழித்துவிட்டார். அடுத்த தலைமுறையைப் பழக்க அவருக்குப் பொறுமையில்லை. தோற்றார். தோல்விக்குக் கொள்கை ஒன்று வேண்டியிருந்தது, அதை எழுதி நம் தலையில் கட்டுகிறார். அவர் எதிரியிடம் தோற்றதில் தவறில்லை, எல்லாரும் தோற்கிறோம். தம் சோம்பலை வீரம் என்று பெயர் மாற்றிப் புதியவர்களிடம் விற்பதுதான் பொறுக்க முடியாதது.

அவருக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். பேர்ள் ஹார்பர் நாளிலிருந்து ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குவோம். ஜப்பானை அவர் எடுத்துக்கொள்ளட்டும், அதன் தேர்ந்த விமானிகள் அத்தனை பேரும் அவருக்கே. அவர் பொதுப் பயிற்சி மட்டும் கொடுக்கட்டும், ஒருவரையும் பயிற்சித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டாம். நான் நேசநாடுகளின் பக்கத்தில் பணிவாரியாகப் பழக்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் நம் விமானிகள் பட்டியலை, எல்லாக் கட்டங்களோடும், இந்த இதழில் அச்சிடுவோம். அவருடைய முதல் பட்டியலில் டார்பிடோ கட்டம் விடுபடாமல் இருக்க வேண்டும்.